ஊஞ்சலுக்கு ஆங்கர் போல்ட் போதுமா?

3 மார்ச் 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

ஊர் வீட்டை விற்றாகிவிட்டது. தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சலை மட்டும் கொண்டுவந்துவிட்டோம். புது வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும். கூரை கான்கிரீட் தளம், வீடு கட்டி முப்பது வருடம் இருக்கும். ஹார்டுவேர் கடையில் 10 எம்.எம். ஆங்கர் போல்ட் நான்கு கொடுத்து, ஒவ்வொன்றும் ஒரு டன் தாங்கும் என்கிறார்கள். நாளை எலக்ட்ரிசியன் வந்து துளை போடுகிறார். போதுமா?

3 மார்ச், இரவு

எலக்ட்ரிசியனை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் தள்ளிப் போடுவதால் ஊஞ்சலுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் வீட்டில் சின்னதும் பெரிதுமாக நாற்பது ஐம்பது போல்ட்டாவது நான் அடித்திருப்பேன். போல்ட் அறுந்து விழுந்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. விழுந்ததெல்லாம் பூச்சையோ செங்கல்லையோ கான்கிரீட்டையோ பிய்த்துக்கொண்டு விழுந்தவைதான். கடைக்காரர் சொல்லும் ஒரு டன், புதிய நல்ல கான்கிரீட்டில் இழுத்துப் பார்க்கும்போது போல்ட் கழன்று வரும் எடை. நாள்தோறும் வீட்டார் உட்காரும் இடத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது.

எடையைப் பாருங்கள். ஐந்தடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலம் கனமுள்ள தேக்குப் பலகை கிட்டத்தட்ட 30 கிலோ. சங்கிலி 10 கிலோ. பெரியவர்கள் இருவர், மடியில் ஒரு குழந்தை என்றால் 160 கிலோ. ஆக 200 கிலோ, அதுவும் ஊஞ்சல் அசையாமல் நிற்கும்போது. ஆடும்போது கீழே வரும் நொடியில் இழுப்பு கூடும். 30 பாகை வரை வீசி ஆடினால் 1.27 மடங்கு, பிள்ளைகள் உந்தி 45 பாகைக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 1.6 மடங்கு. 200 கிலோ 320 ஆகிவிட்டது. நான்கு கொக்கியும் சமமாகத் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் இரண்டு கொக்கிதான் தாங்கும்.

அப்புறம், இது ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே நிற்கும் எடை இல்லை. முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான முறை அசைக்கும் எடை. கடையில் கொடுத்த ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை, அதற்கு இதைப்போல ஆகாதது வேறில்லை.

4 மார்ச்

தளத்தைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுத் தளம் பெரும்பாலும் நாலரை அல்லது ஐந்து அங்குலம்தான். நடுப்பகுதியில் தளத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கம்பியை அடியில் போடுவதே அதற்காகத்தான். இழுபடும் கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கும். நாம் துளை போடுவதும் அதே அடிப்பக்கத்தில்தான். விரிசல் ஒன்று துளையின் குறுக்கே போனால் துளை ஒரு இழை அகலும், விரிந்து கவ்விய போல்ட்டின் பிடி அங்கேயே தளரும். விரிசல் விழுந்த கான்கிரீட்டுக்கென்று சோதித்து விற்கும் போல்ட்டுகள் தனியாக உண்டு. தெருமுனைக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வகை அல்ல.

முப்பது வருட வீடு என்கிறீர்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்புதான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 தரம் வேண்டும் என்றது. அதற்கு முன்பு எம்15, அதாவது கொத்தனார்கள் சொல்லும் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை. எங்கள் வீடும் 1994-இல் அந்தக் கலவையில் கட்டியதுதான். திருச்சி வெயிலில் சரியாக நீர் ஊற்றி ஆற வைத்தார்களா என்பதும் கட்டியவருக்குத்தான் தெரியும்.

என் யோசனை: தளத்தில் போடுவதானால் விரியும் போல்ட் வேண்டாம், கெமிக்கல் ஆங்கர் போடுங்கள், அதாவது துளையில் பசை நிரப்பி அதில் கம்பியைப் பதிக்கும் வகை. 2021-இல் எங்கள் ஹாலில் 12 எம்.எம். ஸ்டட் (தலையில்லாத திருகுக் கம்பி) நான்கை அப்படித்தான் போட்டோம். மூன்று வருடமாக அம்மா தினமும் மதியம் அதில்தான் உட்காருகிறார்.

5 மார்ச்

"தூளின் நிறத்தைப் பார் என்கிறார்களே, அது என்ன?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

டிரில்லைச் சுவரில் வைத்ததும் முதலில் வெள்ளைத் தூள் வந்தால் பட்டி, பிறகு வெளிர் சாம்பல் வந்தால் சிமென்ட் பூச்சு. அதன் பிறகு வருவதுதான் சேதி சொல்லும். சிவப்பு என்றால் செங்கல். கடினமாக, கருஞ்சாம்பலாக, நடுவில் ஜல்லி இடறிக்கொண்டு வந்தால் கான்கிரீட். சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் வந்து, பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். வெண்மையாக, மாவு மாதிரி, எதிர்ப்பே இல்லாமல் போனால் காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான ஏ.ஏ.சி. பிளாக், அதற்கு விரியும் போல்ட்டை நினைக்கவே கூடாது.

இதை நான் கற்றது மாடிப்படிக் கைப்பிடியில். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த வருடம், வெல்டர் ஒருவர் சுவரோரமாகக் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். ஆறு பிளேட், பிளேட்டுக்கு நான்கு போல்ட். துளையிலிருந்து செக்கச்செவேலென்று தூள் கொட்டியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நட்டை இறுக்கியபோது இரண்டு இடத்தில் போல்ட்டே சேர்ந்து சுற்றியது. "போகப் போகப் பிடிச்சுக்கும்" என்றார். எட்டு மாதம் கழித்து மேலே இருந்து மூன்றாவது பிளேட், அரைச் செங்கல்லோடு கையில் வந்தது. அப்பா அப்போது இரண்டாவது படியில் நின்றதால் தப்பித்தார். நட்டு இறுகாமல் சுற்றினால் அது பிடிக்கவே இல்லை, என்றைக்கும் பிடிக்கப்போவதும் இல்லை.

அந்தக் கைப்பிடியை மறுபடி எப்படிச் செய்தோம் என்றால், செங்கல் சுவரில் ஊடுதுளை போட்டு, மறுபக்கம் நான்கு அங்குலச் சதுர பிளேட் வைத்து நட்டுப் போட்டோம். பார்க்க அழகில்லை. அசைவும் இல்லை.

5 மார்ச், மாலை

சிறு திருத்தம். துளையின் அளவு எல்லா போல்ட்டுக்கும் ஒன்று என்கிற மாதிரி ஒருவருக்குப் பதில் எழுதிவிட்டேன். தவறு. நுனியில் மட்டும் விரியும் வெட்ஜ் வகையில் 10 எம்.எம். போல்ட்டுக்கு 10 எம்.எம். பிட்தான். மேலே உறை போட்ட ஸ்லீவ் வகையில் உறையின் வெளிவிட்டத்துக்குத்தான் துளை. உள்ளே இருக்கும் போல்ட்டை அளந்து பிட் வாங்கினால் உறை நுழையாது. அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு பிட் வாங்குங்கள்.

7 மார்ச்

ஆழத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போல்ட்டை இழுத்துப் பிடுங்கினால் அது தனியாக வருவதில்லை. புனல் வடிவத்தில் கான்கிரீட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். கடலைக்காய்ச் செடியைப் பிடுங்கினால் வேரோடு மண் கூம்பாக வருமே, அப்படி. போல்ட் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு பெரிய கூம்பு. ஆழம் இரட்டித்தால் தாங்கும் பலம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 2.8 மடங்கு. அதே விகிதம் திரும்பியும் வேலை செய்யும்: ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் பலம் நிறையக் குறையும்.

75 எம்.எம். நீள போல்ட் வாங்குகிறீர்கள். பிளேட் 6 எம்.எம்., வாஷரும் நட்டும் 12 எம்.எம். என்றால் மீதி 57. சுவர்ப் பூச்சு 12 எம்.எம். இருக்கிறதா? பூச்சுக்குப் பலம் கிடையாது, கணக்கில் சேராது. ஆக கான்கிரீட்டில் இருப்பது 45. பூச்சை மறந்து 57 என்று எண்ணிக்கொண்டால், பலத்தில் 30 சதவீதம் இல்லாமலே இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். அதனால் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு நேரே கான்கிரீட்டில் பிளேட்டை உட்கார வையுங்கள், அல்லது நீளமான போல்ட் வாங்குங்கள்.

கூம்பு முழுசாக உருவாக இடமும் வேண்டும். போல்ட்டின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளிப் போட வேண்டும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே மூன்று மடங்கு. சன்ஷேடு ஓரத்திலும் படியின் நுனியிலும் போல்ட் அடித்து, மூலை உடைந்து கிடப்பதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்!

துளை போடும்போது பிட் உள்ளே போகாமல் கீச்சென்று கத்தினால் கம்பி. அழுத்தாதீர்கள். கம்பியை அறுத்துக்கொண்டு போகும் பிட்டும் இருக்கிறது, வேலையாட்கள் பெருமையாகக் காட்டுவார்கள். தளம் நிற்பதே அந்தக் கம்பியால்தான். இடத்தை மாற்றுங்கள், பழைய துளையைச் கிரவுட் என்னும் சுருங்காத சிமென்ட் கலவை கொண்டு அடைத்துவிடுங்கள். ஃபேன் பெட்டியைச் சுற்றி எங்கும் துளை வேண்டாம், தளத்துக்குள் ஒயர் குழாய்கள் எல்லாத் திசையிலும் அங்கிருந்துதான் ஓடுகின்றன.

கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மேலே பார்த்துத் துளைக்கும்போது தூள் நேராக முகத்துக்கு வருகிறது. கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

9 மார்ச்

4-ஆம் தேதி நான் எழுதிய யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். தளத்துக்கு அடியில் கெமிக்கல் ஆங்கரில் ஊஞ்சல் மாட்டாதீர்கள்.

"எந்நேரமும் கீழே இழுக்கிற எடைக்குப் பசை மெல்ல மெல்ல இளகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் தெரியாமல் தேட ஆரம்பித்தேன், இரண்டு இரவு தூக்கம் போனது. ஜப்பானில் சசாகோ சுரங்கச் சாலை 1977-இல் திறந்தது. 2012 டிசம்பர் 2 அன்று அதன் கூரைப் பலகைகள் நூறு மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வரிசையாக விழுந்தன. ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தப் பலகைகளைத் தாங்கியவை பசை வைத்து மேலே பதித்த போல்ட்டுகள். அதற்கு முன்பு 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகை ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அங்கே போட்டிருந்தது சீக்கிரம் இறுகும் எபாக்சி. கொஞ்ச நேர எடையைத் தாங்கியது, தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்த எடைக்கு மெல்ல நழுவியது என்று விசாரணையில் தெரிந்தது.

அவை பெரிய சுரங்கங்கள், நம் ஊஞ்சல் சின்னது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். அவற்றை வடிவமைத்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தானே என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊஞ்சல் பலகையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டேன். "மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையேப்பா" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

10 மார்ச்

பசையே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையில் கேட் தூண் நிறுத்த, சுவரில் பக்கவாட்டு எடைக்கு, விளிம்பு பக்கத்தில் இருப்பதால் விரியும் போல்ட் போட முடியாத இடத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தலைக்கு மேல், ஆள் உட்காரும், எந்நேரமும் இழுக்கும் எடைக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

17 மார்ச்

நேற்று நான்கு ஸ்டட்டையும் சோதித்தோம். கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருக்கும் மச்சான் வந்திருந்தார். மூன்று அசையவில்லை. நான்காவதில் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றியது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் உறையிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிட்டது.

கையில் வைத்துப் பார்த்தேன். பசை நன்றாக இறுகி, கல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் மேல் முழுக்க, முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல மெல்லிய சாம்பல் படலம். பசை பிடித்தது தூசியை, கான்கிரீட்டை அல்ல.

காரணம் நான்தான். 2021-இல் துளைகளை ஊதிச் சுத்தம் செய்தது நான். மூன்றை ஒழுங்காகச் செய்தேன். நான்காவது வரும்போது மணி இரவு எட்டு. மேலே பார்த்த துளைதானே, தூள் தானாகக் கீழே கொட்டிவிடும் என்று நினைத்தேன். கரடுமுரடான தூள்தான் கொட்டும். மாவு போன்றது துளையின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். அடியிலிருந்து ஊது, கம்பி பிரஷ்ஷால் தேய், மறுபடி ஊது. தூசி வராத வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். வாயால் ஊதக் கூடாது, ஈரம் போகும், கண்ணிலும் விழும். கையால் அழுத்தும் பம்ப் போதும். ஈரத்துணியால் துடைப்பதும் வேண்டாம், மாவு களியாகிவிடும்.

அந்த இடத்துக்கு நேர் கீழேதான் அம்மாவின் தலையணை இருக்கும்.

24 மார்ச்

இடையில் வேறு ஒன்று. நாகப்பட்டினத்தில் தங்கை வீட்டு ஜன்னல் கிரில் போல்ட்டெல்லாம் நாலு வருடத்தில் துருப்பிடித்து, சுற்றிலும் கான்கிரீட் விரிந்திருக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து ஆப்பு அடிப்பது மாதிரி. மஞ்சளாகப் பளபளக்கும் போல்ட்டில் இருப்பது சில மைக்ரான் துத்தநாகம், கடற்காற்றுக்கு அது எம்மாத்திரம். கடற்கரை ஊர்க்காரர்கள் எவர்சில்வரில் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள். 304-உம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். விலை கூடுதல்தான். ஆனால் பிறகு உடைந்த லிண்டலைச் சரிசெய்யக் கொத்தனாருக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

25 மார்ச்

பிளாஸ்டிக் பிளக்கை ஏன் ரால் பிளக் என்கிறோம் என்று ஒரு தம்பி கேட்டார். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911-இல் கண்டுபிடித்தது, அவர் பெயர்தான் நம் ஊர்வரை வந்திருக்கிறது. அப்போது சணல் நாரால் செய்தார்கள். விரிந்து கவ்வும் நைலான் பிளக் 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் செய்தது. அதற்கெல்லாம் முன்பு நம் வீடுகளில் மரக்கட்டையைச் சீவி ஆப்பாக அடித்து அதில் திருகாணி முடுக்கினார்கள். எங்கள் பழைய வீட்டில் தாத்தா படம் தொங்கிய கட்டை, வீட்டை இடிக்கும் நாள்வரை அசையவில்லை. ஊஞ்சலோ தேக்கு உத்திரத்தில் வளையம் மாட்டித் தொங்கியது. உத்திரத்தைச் சுற்றி எடை இறங்கியது, எதையும் எதிலிருந்தும் பிடுங்கப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கு வழி தோன்றுகிறது.

6 ஏப்ரல்

உத்திரத்தில் செய்ததையே பீமில் செய்தோம்.

எங்கள் ஹாலின் நடுவே 9 அங்குல அகல பீம் ஓடுகிறது. மச்சான் தனக்குத் தெரிந்த கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் பீமின் நீளத்தையும் மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து, கம்பி காட்டும் கருவியால் ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையக் கம்பி) எங்கெங்கே வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். பீமின் அடிக்கம்பிகளுக்கு நன்றாக மேலே, பாதி உயரத்தில், இரண்டு ரிங்குக்கு நடுவே, பக்கவாட்டில் துளை. இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வெளியே வரும் ஊடுதுளை. அதில் 12 எம்.எம். திரெட் ராடு, அதாவது முழு நீளத்துக்கும் திருகு வரி வெட்டிய கம்பி. 8 எம்.எம். கனப் பட்டையை யூ வடிவில் வளைத்து பீமுக்கு அடியிலிருந்து அணைத்து, இரண்டு பக்கமும் ராடில் நட்டு. யூவின் அடியில் வளையம். ஒரு யூவுக்கு இரண்டு ராடு, ஐந்தடி இடைவெளியில் இரண்டு யூ. ஒவ்வொரு வளையத்திலிருந்தும் சங்கிலி இரண்டாகப் பிரிந்து பலகைக்கு வருகிறது.

இப்போது ராடு கான்கிரீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கழன்று வர வேண்டுமானால் பீமை அறுத்துக்கொண்டுதான் வர வேண்டும். விரிசல், பசை, தூசி எதுவும் இதில் வராது. நட்டு தளரக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் இரட்டை நட்டு.

துளை போட வாடகைக்கு எடுத்தது சுத்தியல் போல அடித்துக்கொண்டே துளைக்கும் ரோட்டரி ஹேமர். வீட்டில் இருக்கும் சாதாரண டிரில்லால் ஒன்பது அங்குலம் போக முயலாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் துளைத்தால் நடுவில் சந்திக்காது.

9 ஏப்ரல்

கேள்வி கேட்ட வாசகரின் ஹாலில் பீமே இல்லையாம். தளத்தையே ஊடுருவித் துளைத்து மொட்டை மாடியில் பெரிய பிளேட் வைக்கலாமா என்கிறார். பிடியைப் பொறுத்தவரை நல்ல வழி. ஆனால் தட்டோட்டைப் பெயர்க்க வேண்டும், ஐப்பசியில் அந்தத் துளை வழியாக ஊஞ்சல் மேலேயே சொட்டும். நடுத்தளத்தில் அத்தனை எடை ஒரே இடத்தில் தொங்கலாமா என்பதையும் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நான்கு கால் இரும்புச் சட்டம் செய்து தரையில் நிறுத்தி அதில் மாட்டுவேன். பழைய ஊஞ்சலுக்கு அழகு குறைகிறது என்று வருத்தமாக இருக்கும். தேக்கு நிறத்தில் பெயின்ட் அடித்தால் கொஞ்சம் பொருந்தும்.

14 ஜூலை

கேள்வி கேட்ட வாசகரிடமிருந்து, இரும்புச் சட்டத்தில் மாட்டிய ஊஞ்சலின் படம் வந்தது. பாட்டி உட்கார்ந்திருக்கிறார், சங்கிலியில் மல்லிகைச் சரம். மிகவும் சந்தோஷம். கிறீச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்: வளையமும் கொக்கியும் உரசும் இடத்தில் விளக்கெண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிடும். எண்ணெய் விடும்போது கொக்கி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய பித்தளைக் கொக்கிகள் உட்புறம் பாதிவரைகூடத் தேய்ந்திருக்கும், வெளியே தெரியாது.

எங்கள் வீட்டில், முடுக்கிய அன்றே ஒவ்வொரு நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்த்து சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்து தெரியும். இன்று காலை ஏணி போட்டுப் பார்த்தேன். எட்டுக் கோடும் நேராக இருக்கின்றன.